பதினோரு கேள்வி

புக்கிட் செராயா தோட்டம்,
பத்தாங் பெர்ஜுந்தை.
2.2.2025

என் தங்கம் நித்தியாவுக்கு,

அத்தை இராஜம்மா எழுதறது. மாரியாத்தா புண்ணியத்துல முட்டி வலியத் தவிர எனக்கு ஒரு கொறையும் இல்ல. அங்க ஒனக்கு சோறு தண்ணி ஒழுங்கா குடுக்கறாங்களா? போலிஸ் வேலைக்குப் படிக்கப் போன புள்ளைங்க கைபோன வாங்கி வெச்சுட்டாங்க, ஞாயித்துக்கெழம அரை மணி நேரம் மட்டும் குடுப்பாங்கன்னு உங்கப்பன் சொன்னான். அந்த அரை மணி ஒங்கம்மாவுக்கே பத்தாது. அதான் பேனாவ எடுத்துட்டேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவதோட நின்னவ நான். எழுத்து கோணலா இருந்தா சிரிக்காத.

ஒரு பெரிய சேதி கண்ணு. போன வெள்ளிக்கெழம கோயில்ல கூட்டம் போட்டாங்க. நம்ம கோயில்ல இரும்புப் பெட்டி கெடையாதே, ஆத்தா நகைய ஒரு திருவிழாவுல இருந்து அடுத்த திருவிழா வரைக்கும் யாராச்சும் ஒரு வீட்டுலதான வெப்போம். முப்பது வருசமா தோட்டத்து வேலைய மேய்க்கற மண்டோர் வீட்டுல இருந்துச்சு. மண்டோர் சம்சாரம் இப்ப மகன்கூட ரவாங்குக்குப் போயிட்டாங்க. இனி யார் வீட்டுலன்னு பேச்சு வந்தப்ப, தலைவர் சேது என் பேரச் சொன்னாரு. ஒடனே பின்னாடி ஒருத்தி, தாலி அறுத்தவ கையிலயா ஆத்தா தாலியக் குடுக்கறதுன்னு முணுமுணுத்தா. யாருன்னு தெரியும், பேரச் சொல்ல மாட்டேன், பாவம். சேது திரும்பிக்கூட பாக்கல. "இருபது வருசமா விடியக்காலையில கோயிலக் கூட்டறது யாரு, நீயா?"ன்னு கேட்டாரு. அதோட என் வீடுன்னு முடிவாச்சு.

மாமா போய் ஒம்பது வருசமாச்சு. அதுக்கப்பறம் ஒரு கல்யாண வீட்டுல என் கையில ஆரத்தித் தட்டு குடுத்தவங்க உண்டா? இப்ப ஆத்தாளே எந்திரிச்சு என் வீட்டுக்கு வந்துட்டா. ஒட்டியாணமும் வெள்ளி முகமும் அரிசி டிரம்முக்கு அடியில இருக்கு. தாலியும் மூக்குத்தியும் டிரம்முக்குள்ள மைலோ டின்னுல. என் தாலியும் அந்த டின்னுலதான் கெடக்கு. ஒம்பது வருசமா தனியா இருந்துச்சு, இப்ப ஆத்தா தாலி தொணைக்கு வந்துருச்சு. பாசார்ல மீன்கார அங்கிள்கிட்ட, பஸ் டிரைவர்கிட்ட, கிளினிக் நர்ஸுகிட்டன்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு வரேன். சந்தோசத்த உள்ள வெச்சுக்க எனக்கு எடமில்ல லா.

ஒதைக்கறது குத்தறதெல்லாம் கத்துக் குடுத்துட்டாங்களா? எவனாச்சும் வந்தா எங்க அடிக்கணும்னு அத்தைக்கும் எழுது. திருநீறு இதுகூட மடிச்சு வெச்சிருக்கேன், பூசிக்க.

ஒன்ன நெனச்சபடி,
அத்தை

*

பயிற்சி முகாம்,
கோலாலம்பூர்.
16.2.2025

அன்பான அத்தைக்கு,

திருநீறு வந்துச்சு, தினமும் பூசறேன். பூட்ஸு கடிச்சு ரெண்டு குதிகாலும் போச்சு, மத்தபடி ஓகே. உங்க முட்டிக்கு எண்ணெய் போடறீங்களா?

உங்க லெட்டர ரூம்ல ஆறு பேருக்கும் சத்தமா படிச்சுக் காட்டினேன், தமிழ் தெரியாதவங்களுக்கு மலாய்ல சொல்லிச் சொல்லி. எல்லாரும் சிரிச்சுட்டு இருந்தாங்க. டிரம்முங்கற வார்த்தை கண்ணுல பட்டதும் வாய மூடிட்டேன். எனக்கே வேர்த்துருச்சு. இனிமே எது எங்க இருக்குன்னு எனக்குக்கூட எழுதாதீங்க அத்தை.

ஒதைக்கறது குத்தறது இன்னும் ஒண்ணும் இல்ல. புவான் ரொஸ்னான்னு எங்களுக்கு ஒரு டீச்சரம்மா, போலிஸ் சார்ஜன்ட். கேன்டீனுக்குள்ள கூட்டிட்டுப் போறாங்க, ஒடனே வெளிய கூட்டிட்டு வந்து செவுத்தப் பாத்து நிக்க வெச்சுக் கேக்கறாங்க. உள்ள எத்தனை கதவு, கதவுக்குக் கிட்ட உக்காந்தது யாரு, யாரு உங்களையே பாத்துட்டு இருந்தது. முதல் நாள் எனக்கு ஒண்ணுமே தெரியல. அடிக்க வர்றவன் வர்றதுக்கு முன்னாடியே ஆளத் தேர்ந்து வெச்சுருவான்னு சொல்றாங்க. யாரு எந்நேரம் எங்க இருப்பாங்கன்னு ஊருக்கே தெரியுமோ, அவங்களத்தான் எடுப்பானாம். நீங்க எந்நேரம் எங்க இருப்பீங்கன்னு யார் யாருக்குத் தெரியும்னு எழுதச் சொன்னாங்க. நான் எழுதுனது அரைப் பக்கம். எழுதிட்டு உங்கள நெனச்சேன்.

ஒரு காரியம் பண்ணுங்க. நகை உங்க வீட்டுல இருக்கறது எத்தனை பேருக்குத் தெரியும்னு எண்ணிப் பாருங்க. சும்மா எண்ணுங்க, வேற ஒண்ணும் வேணாம்.

உடம்பப் பாத்துக்கங்க,
நித்தியா

*

புக்கிட் செராயா
4.3.2025

நித்தியா கண்ணுக்கு,

குதிகாலுக்கு வேப்பெண்ணெய் போடு. நான் ஆத்தா தயவுல நடமாடிட்டுதான் இருக்கேன்.

ஒன் லெட்டரப் படிச்சுட்டு மொதல்ல மொகம் சுண்டிப் போச்சு. நான் என்ன திருட்டுக் காரியமா பண்றேன், மறைக்கறதுக்கு? ஆனாலும் நீ சொன்னியேன்னு பூ கட்டிக்கிட்டே எண்ணினேன். நாப்பத்து மூணு பேரு. நான் நேரா சொன்னது மட்டும். பஸ்ஸுல பின்னாடி உக்காந்து கேட்டவங்கள சேக்கல.

நல்ல மனுசங்களும் இருக்காங்க கண்ணு, எல்லாரையும் போலிஸ் கண்ணாலயே பாக்கக்கூடாது. போன வாரம் ஒரு தம்பி மோட்டோர் சைக்கிள்ல வந்துச்சு. யுவனேஸ்வரனாம், முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும், ராசா டவுன்ல இருந்து வருதாம். தோட்டத்துக் கோயிலுங்களப் பத்தி படமெல்லாம் போட்டு புத்தகம் எழுதுதாம். அதோட அம்மா நம்ம தோட்டத்துல மூணாம் லயத்து வீட்டு வரிசையில பொறந்தவங்களாம். வாசல்ல செருப்ப விட்டு, என் கால்ல விழுந்து கும்பிட்டுச்சு. அம்மா, தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி குடுங்கன்னு கேட்டுச்சு. தண்ணின்னு கேட்டு வந்தவங்கள நான் எந்தக் காலத்துல வாசல்ல நிக்க வெச்சேன்? உள்ள உக்கார வெச்சு நீர்மோர் குடுத்தேன், ரெண்டு வடையும் வெச்சேன். ஒரு மணி நேரம் பேசுச்சு. ஒரு பெத்த புள்ள மாதிரி அக்கறையா விசாரிச்சுச்சு தெரியுமா. வெள்ளிக்கெழம சாயங்காலம் நான் ஆறு மணிக்குக் கோயிலுக்குப் போனா எட்டரைக்குத்தான் வருவேன்னு சொன்னேன், தனியா நடந்து போறீங்களேம்மான்னு வருத்தப்பட்டுச்சு. நகையக் காட்டலாம்னுதான் எந்திரிச்சேன். அன்னைக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்காததால கை வெக்கல. இன்னொரு நாள் வரேம்மான்னு சொல்லிட்டுப் போச்சு.

நோன்பு ஆரம்பிச்சிருச்சு, சாயங்காலப் பாசார்ல நம்ம சின்னத்தாய் வடை போடறா. புல்லு வெட்டற வேலையில முப்பது வருசம் என்கூட நின்னவ, இப்பவும் அவ கை வடை அப்படியே இருக்கு. ஒனக்கு அனுப்ப முடியலயேன்னு இருக்கு.

ஆத்தா காவல்,
அத்தை

*

கோலாலம்பூர்
15.3.2025

அத்தைக்கு,

எல்லாரும் நல்லாருக்கோம். இந்த லெட்டர மட்டும் உக்காந்து ரெண்டு தடவ படிங்க.

அந்த ஆளு கெட்டவன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, அதான் விஷயம். ஒரு மணி நேரம் பேசினாருல்ல, அவரு உங்ககிட்ட கேட்டது எத்தனை, தன்னப் பத்தி சொன்னது எத்தனை? விரல் விட்டு எண்ணுங்க. அவரு அம்மா பேரு என்ன? மூணாம் லயத்துல அவங்கள யாருக்காவது ஞாபகம் இருக்கா? மோட்டார் நம்பர் பாத்தீங்களா?

கோயில் புத்தகம் எழுதறவர் கோயிலுக்குத்தானே முதல்ல போகணும்? போனாரான்னு சேது மாமாகிட்ட கேளுங்க.

இன்னொண்ணு. உங்களுக்குக் கோவம் வரும், வரட்டும். யாராவது கத்தியோட வந்து நின்னா, கேட்டதக் குடுத்துட்டு விலகிருங்க. எந்தப் பொருளா இருந்தாலும். புவான் ரொஸ்னா முப்பது வருஷ சர்வீஸ்ல பாத்தத வெச்சு சொல்றாங்க. இப்பதான் கைய எப்படி விடுவிச்சுக்கறதுன்னு சொல்லிக் குடுக்கறாங்க, அதுக்கு அப்பறம் அடிக்கச் சொல்லல அத்தை. ஓடச் சொல்றாங்க. ஓடறதுக்கு வழி எதுன்னு முன்னாடியே பாத்து வெச்சிருக்கணுமாம்.

உங்க பின்கதவு சாவி எங்க இருக்கு? எனக்கு எழுத வேணாம். கண்ண மூடிட்டு எடுக்கற மாதிரி இருக்கான்னு மட்டும் பாருங்க.

நித்தியா

*

புக்கிட் செராயா
23.3.2025

நித்தியாவுக்கு,

சொகம்.

ஆத்தா தாலியக் குடுத்துட்டு ஓடறதா? மொதல்ல வாயக் கழுவு. ஒங்க புவானுக்கு அவங்க சாமி, எனக்கு என் சாமி. கழுத்தறுத்தாலும் குடுக்க மாட்டேன். நம்பி என் கையில வெச்சிருக்காங்க. ஒண்ணு கொறஞ்சா போதும், தாலி அறுத்தவ கையில குடுத்தோம் பாருன்னு தலைமொறைக்கும் பேசுவாங்க.

இத எழுதிட்டு ரெண்டு நாள் லெட்டரப் போடாம வெச்சிருந்தேன்.

எண்ணினேன். அவன் கேட்டது பதினொண்ணு. என் பேரு. தனியாவா இருக்கீங்க. புள்ளைங்க உண்டா. நகை மொத்தம் எத்தனை. எந்த வருசம் செஞ்சது. ஆத்தாளுக்கு எப்ப போடுவீங்க. கோயிலுக்கு எப்ப போவீங்க. எப்ப வருவீங்க. பக்கத்து வீட்டுல யாரு. நாய் இருக்கா. பின்னாடி வழி இருக்கா. சொன்னது நாலு. அவன் பேரு, ராசா டவுனு, புத்தகம், அவங்கம்மா மூணாம் லயம். அம்மா பேரு தேவானைன்னான். சின்னத்தாய் பொறந்து வளந்தது மூணாம் லயம். தேவானைன்னு அங்க ஒருத்தியும் இருந்ததில்லன்னு அடிச்சுச் சொல்றா. சேதுவக் கேட்டேன், கோயில் பக்கம் அப்படி ஒரு ஆளு வரவேயில்லயாம்.

என் கையால மோரு குடுத்தேன்.

அத்தை

*

கோலாலம்பூர்
13.4.2025

அத்தைக்கு,

நாளைக்கு வருஷப் பிறப்பு. வாழ்த்துகள். இங்க எங்களுக்கு லீவு இல்ல.

மூணு வாரமா உங்ககிட்ட இருந்து ஒண்ணும் வரல. அப்பாவ உங்களுக்குப் போன் பண்ணச் சொன்னேன். "நல்லாருக்கேன்"னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டீங்களாம். நீங்க ஒரே வார்த்தையில பேசற ஆளா அத்தை? திட்டியாவது எழுதுங்க.

நித்தியா

*

புக்கிட் செராயா
20.4.2025

என் கண்ணு நித்தியாவுக்கு,

திட்ட என்ன இருக்கு. வருசப் பொறப்புக்கு மாங்கா பச்சடி வெச்சேன், ஒங்க வீட்டுக்கும் குடுத்தனுப்பினேன். நாலு நாளா ஓயாத மழை. ஆத்துத் தண்ணி செம்மண்ணா ஓடுது. பப்பாளி மரம் சாஞ்சுருச்சு, காயப் பறிச்சு கூட்டு வெச்சேன்.

வெள்ளிக்கெழம இப்பல்லாம் பக்கத்து வீட்டு மாலாவும் அவ மாமியாரும் சின்னத்தாயும் என்கூடவே கோயிலுக்கு வராங்க. ஒரு வாரம் ஆறு மணிக்குப் போறோம், ஒரு வாரம் அஞ்சுக்கே போயிடறோம். வாசல்ல இருந்த செம்பருத்திய வெட்டிட்டேன். இப்ப மாலா தையல் மெசின்ல உக்காந்தா என் கேட்டு நேரா தெரியுது. கேட்டுக்கு வெளிய இருக்கற கொழாயில ஒரு சில்வர் கோப்பைய சங்கிலி போட்டுக் கட்டியிருக்கேன். யாருக்குத் தாகம்னாலும் குடிச்சுட்டுப் போகட்டும்.

அந்த இன்னொரு விசயத்தப் பத்தி எழுத மாட்டேன். எழுதாதன்னு நீதான சொன்ன.

குதிகால் ஆறிடுச்சா?

அத்தை

*

கோலாலம்பூர்
27.4.2025

அத்தைக்கு,

குதிகால் ஆறிடுச்சு. செம்பருத்தியவா வெட்டினீங்க? ஆத்தா பூவுன்னு ஒரு இலையக் கிள்ளினாலே என் கையில அடிப்பீங்களே.

என்ன நடக்குது அங்க? எங்க இருக்குன்னு கேக்கல. நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கறேன்.

நித்தியா

*

புக்கிட் செராயா
18.5.2025

தங்கம் நித்தியாவுக்கு,

மொதல்ல ஒண்ணு. அத்தை முழுசா இருக்கேன், ஒரு கீறல் இல்ல. உங்கப்பன் போன்ல எதையாச்சும் பாதி சொல்லியிருப்பான். முழுசா நான் எழுதறேன், உக்காந்து படி.

ஒன் லெட்டரு மேல கோவமா இருந்தேன்ல. ஒரு நாள் வெளக்கேத்திட்டு நிக்கறப்ப எனக்கே ஒரு யோசனை வந்துச்சு. கத்திய வெச்சு நகை எங்கன்னு ஒருத்தன் கேட்டா நான் என்ன பண்ணுவேன்? குடுத்தா ஆத்தாளுக்குத் துரோகம். குடுக்கலன்னா உசுரு போகும். இல்லன்னு சொல்லலாம்னா, பொய் சொன்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும், ஒனக்கே தெரியும். அப்ப அந்தக் கேள்வி என் வாசலுக்கு வராம பாக்கணும். வந்தாலும் உண்மையச் சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இருக்கக்கூடாது.

மார்ச் கடைசியிலயே சேதுவ வரச்சொல்லி மஞ்சத் துணியோட எல்லாத்தையும் கையில குடுத்துட்டேன். பயந்துட்டீங்களாக்கான்னு கேட்டாரு. "பயமில்ல தம்பி. என் வாய எனக்குத் தெரியும். எங்க வெக்கறீங்கன்னு எனக்கும் சொல்லாதீங்க"ன்னேன். அக்கா, இது வெளிய தெரிஞ்சா ஒங்களத்தான் கேவலமா பேசுவாங்கன்னாரு. தெரியட்டும், நானே சொல்லப் போறேன்னேன்.

அப்பறம் அந்த நாப்பத்து மூணு பேரையும் தேடித் தேடிப் போனேன். மீன்கார அங்கிள், பஸ் டிரைவர், நர்ஸு, ஒருத்தர் விடல. நகை என் வீட்டுல இல்ல, திருப்பிக் குடுத்துட்டேன்னு சொன்னேன். கோயில்ல முணுமுணுத்தாளே, அவ தண்ணிக் கொழாய்கிட்ட வெச்சு, ஆத்தாளே வேணாம்னு வெளிய வந்துட்டாளாமேன்னு நாலு பேரு கேக்கச் சொன்னா. பதில் வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கினேன். அந்த மூணு வாரம் ஒனக்கு எழுத கை வரல.

நாப்பத்து நாலாவது ஆளு ஒருத்தன் இருக்கானே, அவன்கிட்டதான் சொல்ல முடியல.

மே ஆறாந்தேதி, செவ்வாக்கெழம, மத்தியானம் மூணு மணி, நல்ல மழை. அதே மோட்டோரு. பின்னாடி இன்னொருத்தன், ஹெல்மெட்ட கழட்டவேயில்ல. நம்பர் பிளேட்டு மேல மட்டும் பிளாஸ்டிக் பைய கட்டியிருந்துச்சு. அதப் பாத்ததும் இடுப்புச் சாவியத் தொட்டுப் பாத்துக்கிட்டேன். கிரில்லு பூட்டியிருந்துச்சு. பூட்டினபடியே உள்ள இருந்து என்ன தம்பின்னேன். மாலா மெசின்ல இருந்து எட்டிப் பாக்கறது எனக்குத் தெரிஞ்சுச்சு.

சேது அண்ணன்தான் அனுப்பினாரு, திருவிழாவுக்கு நகைய பாலிஷ் போடணும், எடுத்துட்டு வரச் சொன்னாருன்னான். சிரிச்ச மொகம்.

"இங்க இல்ல தம்பி. எங்க இருக்குன்னு எனக்கும் தெரியாது."

"அம்மா பொய் சொல்வீங்களா?"

"சொல்ல மாட்டேன். அதான் நிம்மதியா சொல்றேன்."

அவன் மொகம் மாறுறத அப்பதான் பாத்தேன். சிரிப்பு அப்படியே இருக்கு, கண்ணு மட்டும் எங்கயோ போயிருச்சு. "தாகமா இருக்கும்மா. தொறங்க"ன்னான். கண்ணு, என் ஆயுசுல தண்ணி கேட்டவனுக்குக் கதவு சாத்தினது இல்ல. "கொழாயில கோப்பை இருக்கு. குடிச்சுட்டுப் போ"ன்னேன். ஹெல்மெட்டுக்காரன் கேட்டு மேல கால வெச்சான். அதுக்கு மேல நான் பேசல. சாவி இடுப்புல இருந்துச்சு, பின்கதவ ஒரே திருப்புல தொறந்தேன். ஒன் பேச்சக் கேட்டு கண்ண மூடிக்கிட்டு எத்தனை நாள் தொறந்து பாத்திருக்கேன் தெரியுமா. செருப்பு இல்லாம, முட்டி வலிய மறந்து, மாலா வீட்டு அடுப்படிக்கு ஓடினேன். அம்பத்தேழு வயசுல ஓடற ஓட்டமா அது.

மாலா அதுக்குள்ள போலிஸுக்குப் போன் போட்டு, ஜன்னல்ல இருந்து போட்டோவும் புடிச்சுட்டா. கூச்சல் கேட்டு நாலு வீட்டு ஆம்பளைங்க வந்தாங்க. வர்றதுக்குள்ள கிரில்ல நெம்பி உள்ள போய் எல்லாத்தையும் கவுத்துப் போட்டுட்டு ஓடிட்டானுங்க. வீடெல்லாம் அரிசி. ஸ்டேசன்ல போய் ரிப்போர்ட்டு குடுத்தேன். பதினோரு கேள்வியையும் வரிசையா சொன்னேன். எழுதின புள்ள தலை நிமுந்து பாத்துச்சு.

ஒண்ணும் போகல கண்ணு. என் வீட்டுல எடுக்க என்ன இருக்கு. சித்ரா பௌர்ணமிக்கு ஆத்தா நகையெல்லாம் போட்டுக்கிட்டு சிரிச்சா. அது போதும்.

ஒங்க புவானுக்கு என் வணக்கம் சொல்லு.

அத்தை

*

கோலாலம்பூர்
25.5.2025

அத்தைக்கு,

உங்க லெட்டர யாருக்கும் படிச்சுக் காட்டல. பாத்ரூம்ல உக்காந்து அழுதேன், அப்பறம் போய் ஓடினேன். நீங்க பண்ணதுல ஒண்ணுகூட தப்பு இல்ல.

ஆனா ஒரு இடம் இடிக்குது. எங்களுக்கு இங்க சொல்லிக் குடுத்தது அதுதான், இருக்கறத மட்டும் பாக்காத, எது இல்லன்னு பாருன்னு. உங்க முதல் லெட்டர எடுத்து மறுபடி படிச்சேன். மைலோ டின்னுல ரெண்டு தாலி இருந்துச்சு. சேது மாமா கையில ஆத்தா நகைய குடுத்ததா எழுதியிருக்கீங்க. வீடெல்லாம் அரிசின்னு எழுதியிருக்கீங்க. டின்ன பத்தி ஒரு வார்த்தை இல்ல.

அத்தை, மாமா தாலி எங்க?

நித்தியா

*

புக்கிட் செராயா
15.6.2025

நித்தியாவுக்கு,

ஒடம்பு நல்லாருக்கு. மூணு வாரமா இந்தத் தாள எடுக்கறதும் வெக்கறதுமா இருந்தேன்.

போயிருச்சு.

ஸ்டேசன்ல சொல்லிட்டேன், அங்க மறைக்கக்கூடாதுல்ல. ஊர்ல யாருக்கும் சொல்லல. சேதுவுக்கு நகையக் கட்டிக் குடுத்தன்னைக்கு, என் தாலியையும் சேத்து முடிஞ்சு குடுக்கலாம்னு கையில எடுத்தேன். ஆத்தா தாலிகூட கைம்பொண்டாட்டி தாலியான்னு மறுபடி ஒரு வாய் தொறக்கும்னு தோணுச்சு. எடுத்து டின்னுலயே போட்டுட்டேன். எத்தனையோ யோசிச்ச நான் ஊர் வாய்க்குப் பயந்த ஒரே எடம் அதுதான். அங்கதான் போச்சு.

இன்னொண்ணும் ஒனக்கு மட்டும் சொல்றேன். பின்கதவுக்கு ஓடறப்ப டிரம்மு பக்கத்துலதான் இருந்துச்சு. நாலு அடி. பாத்தேன். போக நாலு அடி, வர நாலு அடி, மூடிய வேற தொறக்கணும். கேட்டுல இருந்து அவன் குதிச்ச சத்தம் கேட்டுச்சு. ஓடிட்டேன். கழுத்தறுத்தாலும் குடுக்க மாட்டேன்னு ஒனக்கு எழுதினவ, தன் தாலிய விட்டுட்டு ஓடினேன். ஒங்க மாமா இருந்திருந்தா அதத்தான் சொல்லியிருப்பாரு. தோட்டத்துல பாம்பக் கண்டா வெட்டுன செம்பனைப் பழத்தயும் கத்தியயும் அப்படியே போட்டுட்டு வந்துருவாரு. மண்டோர் திட்டினா, பழம் நாளைக்கும் இருக்கும்னு சொல்வாரு.

திருவிழா அன்னைக்கு நடந்ததையும் எழுதாம விட்டேன். ஆத்தாளுக்குத் தாலி கட்டறப்ப சேது ஆரத்தித் தட்ட எடுத்து நேரா என் கையில குடுத்தாரு. எல்லாரும் பாத்தாங்க. முணுமுணுத்தாளே அவ தள்ளி நின்னு எனக்கு வழி விட்டா. வீட்டுக்கு வந்துதான் அழுதேன். அடுத்த வருசம் நகைய நீங்களே வெச்சுக்கங்கக்கான்னு கேட்டாங்க. வேணாம், கோயில்ல இரும்புப் பெட்டி வாங்கி செவுத்துக்குள்ள வெச்சு சிமெண்டு பூசுங்கன்னேன். சாவி ரெண்டு ஆளுகிட்ட இருக்கணும், அதுல ஒருத்தி நானா இருக்கக்கூடாதுன்னேன். சிரிச்சாங்க, ஆனா ஒத்துக்கிட்டாங்க.

போன வியாழக்கெழம ஸ்டேசன்ல இருந்து கூப்பிட்டாங்க. மாலா புடிச்ச போட்டோவ வெச்சு ராசாவுல ஒருத்தன புடிச்சுட்டாங்களாம். வரிசையா நிக்க வெச்சு அடையாளம் காட்டச் சொன்னாங்க. ரெண்டு நிமிசம் ஆகல. வேற மூணு ஊர்லயும் தனியா இருக்கற பொம்பளைங்க வீட்டுல இதே மாதிரி தண்ணி கேட்டு உள்ள போய்த் திருடியிருக்கானாம். அவங்க யாரும் கோர்ட்டுக்கு வர மாட்டாங்களாம், மானம் போயிருமாம். நான் வரேன்னுட்டேன். எனக்குப் போக வேண்டிய மானமெல்லாம் கொழாயடியிலயே போயிருச்சு. அந்த மூணு வீட்டுக்கும் மாலாவக் கூட்டிட்டு நானே போய்ப் பேசப் போறேன். பேச எனக்குச் சொல்லித் தரணுமா.

ஆகஸ்டு பன்னண்டாந்தேதி கேசு. அதுக்குள்ள நீ முடிச்சுட்டு வந்துருவ. என்கூட வா, ஆனா யூனிஃபார்ம் வேணாம், சேல கட்டிட்டு வந்து பக்கத்துல உக்காரு. அவன் என்கிட்ட பதினொண்ணு கேட்டான், ஒண்ணு விடாம பதில் சொன்னேன். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். என் புருசன் கட்டின தாலி எங்கன்னு அவன் மொகத்தப் பாத்துக் கேக்கணும். ஜட்ஜு விட்டாலும் விடலன்னாலும் கேப்பேன்.

மழை விட்டுருச்சு. வெட்டின செம்பருத்தியில முழங்கா ஒயரத்துக்குத் துளிர் வந்திருக்கு. அதுக்கு மேல வளர விட மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு,
அத்தை இராஜம்மா